மடியில் கனமும் வழியில் பயமும்

"மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை" என்பது நம் கடைவீதிகளில் அன்றாடம் அடிபடும் பழமொழி. கணக்குக் கேட்கும்போது வேலையாள் விழித்தால் போதும், நாம் இதைச் சொல்லியே தீர்ப்பளித்து விடுகிறோம். பயந்தவன் குற்றவாளி, பயப்படாதவன் யோக்கியன். இத்தீர்ப்பு நியாயமானதுதானா? அண்மையில் பாலிக் புலாவ் போய் வந்த ஒரு மாலைப்பொழுது நம்மை இக்கேள்வியின் முன் நிறுத்திற்று.

ஜாதிக்காயும் கிராம்பும் கொள்முதல் செய்யப் போயிருந்தோம். தீவின் பின்புறம் என்னும் பெயருக்கேற்ப அவ்வூர் மலைக்கு அப்பால் இருக்கிறது. சரக்கை ஏற்றிக்கொண்டு துன் சார்டோன் சாலை வழியே திரும்புகையில் இருட்டிவிட்டது. ஒரு வளைவைத் தாண்டியதும் திடீரென டார்ச் வெளிச்சம். போலீஸார் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக் கொண்டிருந்தனர்.

நம்மிடம் லைசென்ஸ் இருந்தது. சரக்குக்குப் பில் இருந்தது. ஒளிக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும் நெஞ்சு படபடத்தது. லைசென்ஸை நீட்டிய கை நடுங்கிற்று. பக்கத்தில் இருந்தவர் நம் கடைத் தம்பி. ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து பெர்மிட்டில் வந்து வேலை செய்பவர். அவருக்கு வியர்த்துக் கொட்டிற்று. பெயரைக் கேட்டதற்கே நா எழவில்லை. அதிகாரி மரியாதையாகவே பேசினார். தம்பி காட்டிய காகிதத்தைப் பார்த்து, "பாஸ்போர்ட்டின் நகல் போதாது, அசலைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்" என்று கூறி அனுப்பிவிட்டார்.

வண்டி நகர்ந்ததும் நம் மனத்தில் எழுந்த எண்ணம் யாது? "இவன் ஏன் இப்படி நடுங்கினான்? எதையோ மறைக்கிறானோ?" நம் நடுக்கத்தைச் சுபாவம் என்று மன்னித்த அதே நெஞ்சு, அவர் நடுக்கத்தைக் குற்றம் என்று எழுதிக்கொண்டது. வாங்க ஒரு படிக்கல், விற்க ஒரு படிக்கல் வைத்திருக்கும் வியாபாரியை நாம் என்னவென்று சொல்வோம்?

"என்ன தம்பி, ஏன் இவ்வளவு பயம்?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாஸ்போர்ட்டு உங்க பெட்டியிலதானே இருக்கு முதலாளி? எங்கிட்ட இருக்கிறது வெறும் காகிதம். நம்ப மாட்டோம்னு சொல்லிட்டா நான் என்ன செய்வேன்?" என்றார்.

நமக்குப் பதில் வரவில்லை. காணாமல் போய்விடக் கூடாதென்று பத்திரமாக வைத்திருப்பதாகத்தான் இத்தனை நாளும் நமக்கு நாமே சொல்லிக் கொண்டிருந்தோம். உண்மையில், கனம் நம் பெட்டியில் இருந்தது. பயம் அவர் வழியில் இருந்தது.

போலீஸாரைக் கண்டு தடுமாறுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. மலாய் மக்கள் அவர்களை 'மாத்தா-மாத்தா' என்றே அழைத்து வந்தனர். மாத்தா என்றால் கண். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தபின், சீனச் சகோதரர்கள் கூட்டங்கூட்டமாகப் பிடித்துச் செல்லப்பட்டனர். 1948-ல் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வயது முதல் எல்லோரும் அடையாள அட்டை எடுக்க வேண்டியதாயிற்று. 1960 வரை அது நீடித்தது. அக்காலத்துப் பெரியவர்களின் நடுக்கம் பிள்ளைகளுக்கும் வந்திருந்தால் அதில் குற்றம் எங்கே?

பயமும் எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும் என்கிறது மலேசிய அரசியல் சட்டத்தின் 5-வது விதி. ஆனால் குடியேற்றச் சட்டத்தின்கீழ் பிடிபட்ட அந்நிய நாட்டவருக்கு அதே விதி 14 நாள் என்கிறது. ஒரே சாலையில், ஒரே வெளிச்சத்தில் நின்ற நம் இருவருள் அதிகம் நடுங்கியவர், அதிகம் இழக்கக் கூடியவரே.

முகத்தைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிப்போம் என்று பெருமைப்படுவோரும் நம்மில் உண்டு. சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபவுலோ என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்ட முடிவு இது: பொய் எது, மெய் எது என்று மனிதர் சொல்வது நூற்றுக்கு 54 தடவைதான் சரியாகிறது. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 தடவை சரியாகுமே! விசாரணைத் தொழிலில் பழகியோரும் இதில் மேம்பட்டவர்களாக இல்லை.

பழமொழியையும் சற்று உற்றுப் பார்ப்போம். மடியில் கனம் என்பது பணமுடிப்பு. வழியில் பயம் என்பது கள்வர் பயம். பணமுள்ள யோக்கியன் பயப்படுவான் என்று சொன்ன வார்த்தையை, பயப்படுபவன் யோக்கியன் அல்லன் என்று மாற்றிக்கொண்டவர்கள் நாமே.

ஆகவே, நடுங்குவது பாவமன்று. நடுக்கத்தில் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. பதற்றத்தில் பொய் சொன்னால் அது நம் செயல். சீக்கிரம் போய்விடலாமென்று நோட்டை மடித்து நீட்டினால் அதுவும் நம் செயல்; 2009-ம் வருஷ ஊழல் தடுப்புச் சட்டம் வாங்கியவரோடு கொடுத்தவரையும் பிடிக்கும். சோதிப்பது போலீஸாரின் கடமை. அமைதியாக நின்று உள்ளதைச் சொல்வது நம் கடமை. நம்மை நம்பி வந்தவர் அப்படி நிற்கும்படி அவர் கையில் அவர் காகிதத்தைக் கொடுத்து வைப்பது அதற்கும் முந்திய கடமை. பிறர் பாஸ்போர்ட்டைச் சட்ட அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ம் வருஷப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்பதையும் நாம் அறிய வேண்டும்.

மறுநாள் காலை கடை திறந்ததும் பெட்டியைத் திறந்து, அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைத்தோம். முந்தின இரவு சந்தேகித்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜாதிக்காய் மூட்டையைப் பிரிக்கப் போனார்.

வியாபாரச் சகோதரர்களே, உங்கள் பெட்டிகளையும் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.