“அவர்கள் எல்லாருமே அப்படித்தான்”



தலைப்பில் கண்ட வார்த்தையைச் சொல்லாதவர் நம்மில் யார்? சென்ற வாரம் நம் தெருவொன்றில் ஒரு சைக்கிள் காணாமற்போயிற்று. திருடனை ஒருவரும் காணவில்லை. ஆனால் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டார்தான் எடுத்தார்கள் என்று அன்று மாலையே தீர்ப்பாகிவிட்டது. என்னிடம் வந்து சொன்னபோது, “இருக்கலாம்” என்று நானும் தலையாட்டினேன். சைக்கிளை மைத்துனன் இரவலாகக் கொண்டுபோயிருந்தான் என்பது மறுநாள் தெரிந்தது. அந்த வேலைக்காரரில் சிலர் ஜார்க்கண்டிலிருந்து வந்த கத்தோலிக்கர். நம் கோவிலில் கடைசி வரிசையில் நின்று பூசை காண்கிறவர்கள்.

சங். அகுஸ்தீன் டோல்டன் சுவாமியாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1854-ம் ஆண்டு அமெரிக்காவில் மிசூரி நாட்டில் கறுப்பின அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். தாய் இவரையும் மற்றப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மிசிசிப்பி நதியைக் கடந்து தப்பினாள். சிறுவன் புகையிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தான். குருவாக ஆசைப்பட்டான், கறுப்பன் என்பதற்காகவே அமெரிக்கக் குருமடங்கள் கதவடைத்தன. 1880-ல் ரோமைக்குப் போய், 1886-ல் அங்கே குருப்பட்டம் பெற்றார். கதவடைத்த அதே நாட்டுக்கே திருச்சபை அவரைத் திருப்பி அனுப்பிற்று. 1897-ல் சிக்காகோவின் கடும் வெயிலில் மயங்கி விழுந்து, 43-ம் வயதில் இறந்தார். என் வயதுதான்! 2019-ல் வணக்கத்துக்குரியவர் என்று அறிவிக்கப்பட்டார்.

“வெள்ளைக்காரரே இப்படித்தான்” என்று இப்போது சிலர் சொல்ல வாயெடுப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். சிறுவனாயிருந்தபோது அவருக்குப் பள்ளிக்கூடத்தில் இடங்கொடுத்த பீட்டர் மக்கெர் சுவாமியாரும், தனியாகப் பாடஞ் சொல்லிக்கொடுத்த குருக்களும் வெள்ளையரே. அவருடைய பிரசங்கங்கேட்க வெள்ளையரும் வந்தார்கள். அதற்காக நடந்த அநியாயத்தை மூடிமறைக்கச் சொல்லவில்லை. எந்தக் கதவு யாருக்கு அடைபட்டது, ஏன் அடைபட்டது என்று உரக்கச் சொல்வது கடமை. கதவை அடைத்தவனுடைய தோலின் நிறத்தையுடைய அனைவரையும் குற்றவாளிக் கூண்டிலேற்றுவதோ வேறு காரியம்.

எட்டாங் கற்பனையைப் பற்றிக் குருமடத்தில் படித்த ஒன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஒருவனுடைய நற்பெயரைக் கெடுத்தால், பாவசங்கீர்த்தனம் மட்டும் போதாது; கெடுத்த பெயரைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். முத்துவைத் திருடனென்று பொய்யாய்ச் சொன்னால், கேட்டவர்களிடமே போய்ப் பொய்யென்று சொல்லலாம். ஓர் இனம் முழுவதையும் திருடரென்று சொன்னவன் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டுவான்? அதைக் கேட்டு வளரும் உங்கள் பிள்ளைகளிடமிருந்து அந்தச் சொல்லை எப்படித் திரும்ப வாங்குவான்?

சைக்கிள் கிடைத்த செய்தி, காணாமற்போன செய்தியளவு பரவவில்லை. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் அந்த வேலைக்காரர் தங்கியிருக்கும் கொட்டகைக்கு நான் போகிறேன். என்னைப்போல் தலையாட்டியவர்கள் கூட வரலாம்.

உங்கள் பங்குக் குரு