கேட்பவளும் கேட்பிப்பவளும்

பங்குனித் திங்களில் பெருமாநல்லூர்க் கொண்டத்துக் காளியம்மன் திருமுன்பு அடியார்கள் தீக்குண்டத்தில் இறங்குகின்றனர். தாய் காப்பாள் என்னும் உறுதி ஒன்றே துணை. அப்பங்குனியிலேயே, உத்திரத்தன்று, திருவரங்கத்தில் பெரிய பிராட்டியாரின் சந்நிதிக்கு நம்பெருமாள் எழுந்தருளிச் சேர்த்தி சேவை சாதிக்கிறார். எம்பெருமானார் கத்யத்தை விண்ணப்பம் செய்தது அந்நாளிலேதான் என்பது சம்பிரதாயம். அவர் முதலில் பற்றியதோ பிராட்டியின் திருவடிகளை.

காரணம் உண்டு. ‘ஸ்ரீ’ என்பதற்கு, சேதநரின் முறையீட்டைக் கேட்பவள், அதனை எம்பெருமான் கேட்கச் செய்பவள் என்று பூர்வாசாரியர்கள் பொருள் அருளினர். தண்டிக்கும் திருவாழி அவன் கையில். அவள் கையிலோ தாமரை.

இதன் பயனைக் காகாசுரன் அறிவான். பிராட்டியின் திருமேனியையே புண்படுத்திய அக்கொடியவன் அவள் அருகிருந்தமையால் உயிர் பிழைத்தான். அவள் அருகில்லாத போர்க்களத்திலே இராவணன் மாண்டான். குற்றத்தில் காகமும் குறைந்ததன்று. நற்குணமும் அதனிடம் இல்லை. அவள் இருந்தாள், அவ்வளவே.