ஏழை மனிதன்

நாற்பது வயதைத் தாண்டியபின் ஒரு புது மொழி கற்க உட்காருகிறவனைப் பார்த்து வீட்டார் சிரிப்பது நியாயந்தான். இன்டர்மீடியட்டில் இங்கிலீஷ் இலக்கணத்துக்கே பயந்தவன் நான். ஆனாலும் சில மாதங்களாக ஒரு ஸ்பானிஷ் பாடப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது.

'போப்ரே' என்பது அந்தச் சொல். மனிதனுக்கு 'ஓம்ப்ரே'. 'ஓம்ப்ரே போப்ரே' என்றால் கையில் காசில்லாதவன். அதையே இடம் மாற்றிப் 'போப்ரே ஓம்ப்ரே' என்றால் பரிதாபத்துக்குரியவன். அவன் லட்சாதிபதியாகக்கூட இருக்கலாம். 'ஓம்ப்ரே'யை எடுத்துவிட்டு 'உன் போப்ரே' என்றால் ஓர் ஏழை. இடத்தைப் பொறுத்துப் பிச்சைக்காரன். அடைமொழி பெயராகிவிட்டது. மனிதன் போய் வறுமை மட்டும் மிஞ்சிற்று.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இலக்கணம் அல்ல.

சில வருஷங்களுக்கு முன் கல்லூரித் தோழன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். நைந்த சட்டை, தைத்த செருப்பு. என் கதை ஒன்றில் வரும் தகப்பன் சரியாக அமையவில்லை என்று சொல்ல வந்திருந்தான். ஒரு மணி நேரம் பேசினான், அத்தனையும் சரி. "வரட்டுமா? அடுத்ததையாவது நன்றாக எழுதுடா" என்று எழுந்தான். அவன் வாசலில் செருப்பு மாட்டும்போது, கூட இருந்த நண்பர், "யார் ஸார் அது?" என்றார்.

"பாவம், ஏழை" என்றேன்.

"என்ன கேட்டு வந்தார்?"

அவர்மேல் தப்பில்லை. என் பதில்தான் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லிற்று. அவனோ ஒன்றும் கேட்கவில்லை, கொடுத்துவிட்டுப் போனான். என் சொல் அவன் காதில் விழுந்ததோ என்னவோ, பிறகு அவன் வரவில்லை.

நான் சொன்னது பொய் அல்ல. பிறகு எது தவறு?

ஆசிரியர் பெயரில்லாமல் 1554-ல் வெளியான 'லாஸாரில்லோ தெ தோர்மெஸ்' என்ற ஸ்பானிஷ் கதையில் விடை கிடைத்தது. லாஸாரோ என்ற பையன் தொலேதோ நகரில் ஒரு கனவானிடம் வேலைக்குச் சேருகிறான். இடுப்பில் வாள், நடையில் மிடுக்கு. வீட்டிலோ ஒரு ரொட்டித் துண்டுகூட இல்லை. பையன் தெருவில் பிச்சை எடுத்து ரொட்டியும் மாட்டுக்காலும் கொண்டுவந்து தின்கிறான். எஜமானர் தாம் அப்போதே சாப்பிட்டாகிவிட்டது என்கிறார். ஆனால் கண் தட்டைவிட்டு அகலவில்லை. 'பாவம்' என்று பையன் சொல்லவில்லை. "மாட்டுக்கால் நன்றாக வெந்திருக்கிறது, யாருக்கும் ஆசை வரும்" என்கிற மாதிரி பேச்சை எடுக்கிறான். எஜமானர் மானம் கெடாமல் சாப்பிடுகிறார்.

அதே ஊரில் விளைச்சல் பொய்த்து, வெளியூர் ஏழைகள் நகரைவிட்டு வெளியேற வேண்டுமென்று உத்தரவு பிறக்கிறது, மீறியவர்களுக்குச் சவுக்கடி. அந்த உத்தரவில் 'போப்ரே' பெயர்ச்சொல். அவர்கள் என்ன தொழில் செய்தவர்கள், யாருக்குத் தகப்பன் என்பதெல்லாம் அங்கே வேண்டியிருக்கவில்லை. இது வெறும் கதையும் அல்ல. ஏழைகளை இப்படி ஊர்விட்டு ஊர் துரத்துவது நியாயமல்ல என்று சலமான்காவில் தோமிங்கோ தெ ஸோத்தோ என்ற துறவி 1545-ல் ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது.

சவுக்கு எடுத்தவனும் நானும் ஒன்றல்ல என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இருவரும் முதலில் செய்த காரியம் ஒன்றே: ஒருவனுடைய இல்லாமையை அவன் பெயராக்கினோம். அவன் அதட்டிச் சொன்னான். நான் இரக்கத்தோடு சொன்னேன். இரக்கம் இருந்ததாலேயே என் தவறு எனக்கே தெரியாமல் போயிற்று.

ஸ்பானிஷ்காரர்கள் மனிதனை முதலில் சொல்லிவிட்டு வறுமையைப் பின்னால் வைக்கலாம். தமிழில் 'ஏழை மனிதன்' என்றுதான் சொல்ல வருகிறது. ஏழை முன்னால், மனிதன் பின்னால். இலக்கணத்தை நான் திருத்த முடியாது. வாசலில் ஒருவர் வந்து நிற்கும்போது, மனத்துக்குள் அந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.