தோண்டியவன் பெயர்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடைத்த கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சின்ன வயசிலேயே கேட்டுவிடுவார்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டினார். தண்ணீரோடு கருப்பாய் ஏதோ வந்தது. பிறகு அரசு வந்தது. 1956-இல் நிறுவனம், 1957-இல் சுரங்க வேலை. எல்லாம் சரி. ஆனால் 'முதலியார் கிணறு வெட்டினார்' என்கிற இடத்தில் என் மனசு நின்றுவிடுகிறது. வெட்டச் சொன்னவர் எப்படி வெட்டியவர் ஆனார்? குழிக்குள் இறங்கிய ஆட்களின் பெயர் நான் படித்த எந்த ஏட்டிலும் இல்லை.

தென்னார்க்காட்டில் கூலிக்குக் கிணற்றில் இறங்கியவர்களில் எங்கள் சேரி ஆட்கள் ஏராளம். அப்பாவும் இறங்கினார். செம்மண், மணல், களி என்று அடுக்கடுக்காக அவருக்குத் தெரியும். "களி வந்தா பாத்து வெட்டணும்டா. களிய ஒடச்சா கீழ இருக்கற தண்ணி மேல ஏறி வரும், ஆள மூடிரும்" என்பார். கல்லூரியில் இதையே 'அழுத்த நீர்ப்படுகை' என்று படித்தேன். நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே இருப்பது அந்தத் தண்ணீர்தான். ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நிற்கும்.

நிலத்தியல் முதலாம் ஆண்டுக் கோடையில் களப்பயிற்சிக்கு ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். காந்த ஊசி பிடிக்கவும் பாறையின் சாய்வை அளக்கவும் அங்கேதான் கற்றேன். முதல் நாளே வேலைப் பங்கீடும் நடந்தது. குறிப்பேடு சிலர் கையில். கல் மூட்டை என் முதுகில். "உனக்குப் பழக்கம்தானே" என்றார் ஆசிரியர். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனாலேயே அது இன்னும் வலிக்கிறது.

மூட்டையில் இருந்தது சார்னோகைட். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி அதுதான். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பல்லாவரம் பக்கத்துக் கல்லை, 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தாவில் செத்துப்போன ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். 1893-இல் தாமஸ் ஹாலண்டு என்ற நிலத்தியலாளர் அந்தச் சமாதிக்காரர் பெயரையே பாறைக்கு வைத்தார். ஊருக்கு வந்து ஒரு துண்டை அப்பாவிடம் காட்டிக் கதையைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கருங்கல்லுதானே? செத்தவன் பேர வெச்சாங்களா? ஒடச்சவனுக்குப் பேரு இல்லியா?" என்றார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. தோண்டுவது வேறு, அறிவது வேறு. அந்தக் கருப்பு மண், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடு என்று கூலிக்காரனுக்குத் தெரியுமா என்பார்கள். தெரியாதுதான். நிலத்துக்காரருக்கு மட்டும் தெரிந்ததா? அவர் பெயரை ஏட்டில் ஏற்றியது அறிவு அல்ல, பட்டா. குழி தோண்டுகிறவன் தீட்டு, குழியை அளக்கிறவன் அறிஞன் என்று பிரித்து வைத்த சமூகம் இது. கையால் அறிந்ததை அறிவென்று ஒத்துக்கொள்ள அதனால் முடியாது.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்லை, சோத்துப் பிரச்சினை. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீடு நிலத்தில் உரிமை உள்ளவனைத்தான் தேடிப்போனது. அதே நிலத்தில் நாத்து நட்டுக் களை எடுத்தவள் கணக்கிலேயே இல்லை. 2013-இல் வந்த சட்டம்தான் நிலமில்லாக் கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று எழுதியது. ஏட்டில் இல்லாதவனுக்கு இழப்பும் இல்லை என்றுதான் அதுவரை சட்டம் நினைத்தது.

மற்றவர்களை மட்டும் குற்றம் சொல்லி இதை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. படிப்பு முடிந்து ஒரு நிலத்தடி நீர் ஆய்வில் வேலை பார்த்தபோது, சேரிக் கிழவர் ஒருவர் மண்ணை உள்ளங்கையில் உருட்டிக் காட்டி, எத்தனை முழத்தில் என்ன வரும் என்று சொன்னார். துளை போட்டுப் பார்த்தோம். அவர் சொன்னபடியே வந்தது. அறிக்கையில் 'உள்ளூர்த் தகவல்' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. ஏற்காட்டில் என் முதுகில் ஏறிய மூட்டையை நான் அவர் முதுகில் ஏற்றிவிட்டேன்.

மலைக்குச் சுத்தியலோடு போகும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பாறையின் பெயரை எழுதுங்கள், வயதையும் எழுதுங்கள். பக்கத்தில் கல் உடைக்கிறவரிடம் "உங்க பேரு என்னங்க அய்யா?" என்று கேட்டு, அதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.