பாறைமுனைக்குத் திரும்பிய பறவை



அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 12-ம் அதிகாரத்திலே நம் ஆண்டவர் காகங்களைச் சுட்டிக்காட்டிப் போதிக்கிறார். நம் கூரையில் கரைந்தால் கல்லெடுத்து விரட்டுகிறோமே, அந்தக் காகங்களைத்தான்! அந்தக் குலத்துப் பறவையொன்றின் சரித்திரத்தை இவ்வாரம் கேளுங்கள்.

இங்கிலாந்தின் தென்கோடியில், கார்ன்வால் பகுதியிலே, லிசார்டு என்னும் பாறைமுனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. வசந்தகாலத்துக் காலை வேளைகளில் பைனாகுலரும் கையுமாய் ஜனங்கள் அங்கே காற்றிலே நிற்பார்கள். கீழே அலை மோதும், கடற்பறவைகள் இரையும். அவர்கள் கண் தேடுவது வேறொன்றை. உடல் முழுதும் கறுப்பு. காலும் வளைந்த அலகும் மட்டும் இரத்தச் சிவப்பு. சஃப் என்று பெயர். 1170-ல் கான்டர்பரி ஆலயத்துக்குள்ளே வெட்டுண்டு மரித்த அர்ச். தாமஸ் பெக்கெட் அதிமேற்றிராணியாரின் இரத்தம் பட்டுத்தான் அலகு சிவந்தது என்று அவ்வூரில் ஒரு கதை உண்டு. அது விசுவாச சத்தியமல்ல, பயப்படாதீர்கள். ஆனால் அவருடையதாகச் சொல்லப்படும் கேடயச் சின்னத்தில் இப்பறவைகள் மூன்று இருப்பது மெய்.

இந்தப் பறவை கார்ன்வாலில் அற்றுப்போயிற்று. சுட்டவர்கள் உண்டு, முட்டை திருடினவர்களும் உண்டு. என்றாலும் பெரிய காரணம் புல்! முன்னே கடலோரச் சரிவுகளில் ஆடுமாடுகள் மேய்ந்தன. புல் கட்டையாயிருந்ததால் பறவை மண்ணைக் கிளறிப் புழுபூச்சி தின்றது. பிறகு குடியானவர்கள் மந்தையை உள்நாட்டு நல்ல மேய்ச்சலுக்கு ஓட்டிப்போனார்கள். அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் புல்லும் புதரும் மண்டி, அலகு மண்ணுக்கு எட்டாமற்போயிற்று. 1947-க்குப் பின் அங்கே குஞ்சு இல்லை. 1967-ல் கடைசி ஜோடியில் ஒன்று செத்தது. மற்றது ஆறு வருஷம் தன்னந்தனியே கடலோரப் பாறைகளைச் சுற்றிவந்து 1973-ல் மடிந்தது.

இப்போது நம் வீடுகளைப் பாருங்கள். மாலைச் செபமாலையை எந்தத் தகப்பனாவது வேண்டாமென்று நிறுத்தினானா? ஒரு நாள் அலுப்பு, ஒரு நாள் விருந்தாளி, பிறகு தொலைக்காட்சி, இன்று ஆளுக்கொரு கைபேசி. புல் வளர்ந்துவிட்டது. பாட்டி மட்டும் மூலையில் தனியே மணி உருட்டுகிறாள். அந்த ஒற்றைப் பறவையின் ஞாபகம் வரவில்லையா?

பட்டணத்துக்கு வேலைக்குப் போன மகன் பூசை காண்பதில்லை என்று கண்ணீர் விடும் தாய்மார் நம் பங்கில் எத்தனை பேர்! போனில் அதட்டினால் வருவானா? கைதட்டிக் கூப்பிட்டு எந்தப் பறவை வந்தது? கார்ன்வால் குடியானவர்கள் மாடுகளை மறுபடி சரிவிலே மேயவிட்டார்கள். 2001-ல் அயர்லாந்துப் பறவைகள் சில தாமாகவே கடல் கடந்து வந்திறங்கின. 2002-ல் லிசார்டில் மூன்று குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறந்தன. முட்டை திருடர் அணுகாதபடி ஜனங்கள் முறைபோட்டு இரவும் பகலும் காவலிருந்தார்கள். இன்று கார்ன்வாலில் நூற்றுக்கு மேற்பட்ட சஃப் பறவைகள் இருக்கின்றன.

மகனைத் திருப்புகிற வரப்பிரசாதம் சர்வேசுரனுடையது. அதன் வேளையும் அவருடையது. அவன் லீவில் வந்து வாசற்படி ஏறும் இரவிலே அவன் காதில் விழப்போகிற சத்தம் எதுவென்பது மாத்திரம் நம் கையில் இருக்கிறது. ஆகையால் இன்றிரவு பாட்டியின் பக்கத்திலே பாயை விரியுங்கள். ஐம்பத்துமூன்று மணியும் முடியாவிட்டால் பத்து மணி. அதில் ஒரு அருள்நிறைந்த மந்திரத்தைத் தூரத்திலிருக்கும் பிள்ளைக்காக, அவன் பேரைச் சொல்லியே ஒப்புக்கொடுங்கள்.