மூஞ்சி மட்டும் கேக்காதீங்க

2021 ஜனவரி 20, பள்ளித் தவணையின் முதல் நாள். பள்ளி பூட்டிக் கிடந்தது. இரண்டாவது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை ஜொகூரில் ஒரு வாரத்துக்கு முன்புதான் அமலுக்கு வந்திருந்தது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்காகக் கூகிள் மீட்டைத் திறந்தேன். இருபத்திரண்டு பேரில் பதினாறு பேர் வந்தார்கள். பதினாறில் பதினொன்று கறுப்புக் கட்டங்கள். நடுவில் ஒரு பெயர், அவ்வளவுதான். அதில் சிலது பிள்ளையின் பெயர்கூட இல்லை, அப்பாவுடையது, இல்லாவிட்டால் 'சாம்சுங்' என்று ஏதாவது.

கறுப்புக் கட்டத்தைப் பார்த்துப் பின்னம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன மாதிரியான தனிமை என்று. மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் பெற்றோர் வாட்சாப் குழுவில் எழுதினேன்: "கேமரா திறக்காத மாணவர்கள் வகுப்புக்கு வராதவர்களாகக் கருதப்படுவர்." கீழே கைகூப்பும் படம் ஒன்று. யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. அது என் விதி.

விதி நன்றாகவே வேலை செய்தது. முகங்கள் வந்தன. முகங்களோடு சேர்ந்து துணிக்கொடி, சாமிப் படம், இரவு வேலை முடிந்து சட்டையில்லாமல் தூங்கும் அண்ணன் என்று எல்லாமும் வந்தன. ஒரு பையன் மட்டும் கறுப்பாகவே இருந்தான். விரிதாளில் அவன் பெயருக்கு நேரே நான்கு நாள் சிவப்பு அடித்தேன். ஐந்தாம் நாள் திறந்தான்.

மலிவுவிலை அடுக்குமாடி வீட்டின் ஹால். அவனுக்குப் பின்னால் தரையில் மெத்தை. பக்கவாதத்தில் விழுந்த தாத்தா. அவன் அம்மா அவருக்குப் பாம்பர்ஸ் மாற்றிக் கொண்டிருந்தார். மூன்று நொடி இருக்கும். அவர் நிமிர்ந்து பார்த்தார், கட்டம் கறுத்தது. அதற்குள் மைக்கை அணைக்காத யாரோ சிரித்து விட்டார்கள். அன்றைக்கு ராத்திரியே பிள்ளைகளின் குழுவில் அது ஒரு ஸ்டிக்கர் ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து அந்தக் கறுப்புக் கட்டமும் வரவில்லை.

அம்மாவுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. "டீச்சர், அவன் படிப்பான். பாடத்த அனுப்புங்க, நான் எழுத வைக்கிறேன். மூஞ்சி மட்டும் கேக்காதீங்க."

இதை எழுதுவது என்னைத் தண்டித்துக்கொள்ள அல்ல. அந்த வரி எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை. ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற உரிமை, அந்தப் பிள்ளையின் வீட்டைப் பார்க்கிற உரிமையாக எந்த இடத்தில் மாறுகிறது?

நம் ஊரில் பள்ளித் தொழில்நுட்பம் பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சு கருவியில் போய் நிற்கும். நியாயந்தான். 2020-இல் கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. 2021 வரவு செலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளைச் சேர்ந்த 1,50,000 மாணவர்களுக்கு மடிக்கணினி தருவதாக அறிவிப்பு வந்தது. அதற்கு முன் ஒன் பெஸ்தாரிநெட். 2011-இல் தொடங்கி சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தர வேண்டிய திட்டம். தளத்தைப் பயன்படுத்தியோர் மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரே அறிக்கை எழுதினார். 2019-இல் திட்டம் முடிந்தது. கொடுத்தார்களா, பயன்பட்டதா, எத்தனை பேர் உள்நுழைந்தார்கள்? எண்ணக்கூடியவை எல்லாம் எண்ணப்பட்டன. ஆனால் அந்தப் பையனின் வீட்டுக்குப் புது மடிக்கணினி வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? அதிலும் கேமரா உண்டு. தாத்தா இன்னும் தெளிவாகத் தெரிந்திருப்பார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும் தெரியவந்தது. வீட்டில் ஒரே கைத்தொலைபேசி. அப்பா சிங்கப்பூரில் வேலை. ஜொகூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெருந்தொற்றுக்கு முன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேர் இந்த எல்லையைக் கடந்து வேலைக்கும் படிப்புக்கும் போய்வந்தார்கள். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுதான் கூடுதல். விடியக்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் போய் ராத்திரி திரும்பும் அப்பாக்களின் ஊர் இது. 2020 மார்ச் 18-இல் பாலம் அடைந்தபோது அந்த அப்பாக்களில் பலர் அந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். அந்தப் பையனின் அப்பாவும்தான். அவர் டீ பிரேக்கில், காலை பத்து மணிக்கு, வீடியோவில் அழைப்பார். என் கணித வகுப்பும் பத்து மணிக்குத்தான். நான் சிவப்பு அடித்த நான்கு நாளும் அவன் ஒரே திரையை இரண்டாக மடக்கி, ஒரு பக்கம் என்னையும் மறுபக்கம் அப்பாவையும் வைத்திருந்தானாம். அதில் என் பக்கம்தான் கேமரா இல்லை.

இந்த இடத்தில் கட்டுரையை 'தனியுரிமை முக்கியம்' என்று முடித்துவிடலாம். முடியாது. அதே வகுப்பில் இன்னொரு மாணவன் இருந்தான். தினமும் வருவான், கறுப்புக் கட்டம், எப்போதாவது சாட்டில் 'எஸ் டீச்சர்'. அவன் வீட்டு நிலைமை என்னவோ என்று, முதல் சம்பவத்தில் சூடுபட்ட நான், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கைத்தொலைபேசியை வகுப்பில் இணைத்துப் பையில் போட்டுக்கொண்டு மாமாவோடு காய்கறி லாரியில் போய்க் கொண்டிருந்தான். பதினொரு வயது. 'எஸ் டீச்சர்' மூட்டை இறக்குகிற இடைவெளியில் வந்தது. கண்ணியம் என்று நினைத்து நான் கொடுத்த கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு குழந்தை காணாமல் போயிருந்தது. பார்த்தால் அத்துமீறல், பார்க்காவிட்டால் கைவிடல். இதில் எது குறைந்த பாவம் என்று எந்தப் பணிமனையிலும் சொல்லித்தரவில்லை.

லெவினாஸ் முகத்தைப் பற்றி நிறைய எழுதியவர். அவரைக் கல்லூரியில் மேலோட்டமாகப் படித்து மறந்திருந்தேன், அந்த மாதங்களில்தான் திரும்ப நினைவுக்கு வந்தார். பிறரின் முகம் என் முன் வரும்போது அது என்னிடம் ஒன்றைக் கோருகிறது. நான் பொறுப்பாளியாகிறேன் என்பது அவருடைய எண்ணம். கோருவது முகம், பதில் சொல்ல வேண்டியது நான். என் விதி அதை அப்படியே திருப்பிப் போட்டிருந்தது. முகத்தை நான் கோரினேன், பதில் சொல்ல வேண்டியவன் அவன். வந்த முகத்தை வைத்து நான் செய்தது பச்சை அடித்ததுதான்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். லயத்துக்கு வாத்தியார் வருவார் என்று சொல்வார். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் சாயங்காலம் சைக்கிளில் வந்து வாசலில் நின்று குரல் கொடுப்பாராம். அந்தக் குரலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடைக்கிற அரை நிமிடத்தில் பாட்டி பாயைச் சுருட்டுவார், கலைந்த சேலையைச் சரிசெய்வார், தாத்தா குடித்திருந்தால் பின்பக்கம் தள்ளிவிடுவார். அப்புறந்தான் "வாங்க சார்." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த வாத்தியாரின் ஓட்டை பனியனைப் பாட்டியும் பார்த்திருக்கிறார். ஐம்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அன்றும் வீடு பார்க்கப்பட்டது. ஆனால் பார்க்க வந்தவர் தன்னையும் காட்டிக் கொண்டு வந்தார், வீட்டுக்கு அரை நிமிடம் கொடுத்தார். (தோட்டத்து வாத்தியார்கள் எல்லாரும் மகான்கள் என்று சொல்ல வரவில்லை, பிரம்படிக் கதைகளும் பாட்டியிடம் ஏராளம்.) என் பின்புலத்துக்கு நான் புத்தக அலமாரிப் படம் ஒன்று போட்டிருந்தேன். நிஜத்தில் அது எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவர்.

அந்த அரை நிமிடத்தைத்தான் திரும்பத் தேட வேண்டியிருந்தது. விதியை எடுத்துவிட்டேன். வாரம் இருமுறை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, அவர்கள் சொல்லும் நேரத்தில், குரல் அழைப்பு மட்டும். இருபத்திரண்டு பேர் என்பதால் முடிந்தது. நாற்பது பேர் வகுப்பென்றால் முடிந்திருக்காது, இதை ஒரு தீர்வென்று யாருக்கும் விற்க மாட்டேன். லாரிப் பையனின் அம்மாவிடம் மூன்று வாரம் பேச வேண்டியிருந்தது. ஸ்டிக்கர் செய்தவன் யார் என்று தெரிந்தும், அவனிடம் எப்படிப் பேசுவதென்று தெரியாமல் கடைசிவரை பேசாமலே விட்டேன். அது தப்பு.

தாத்தாவின் பேரன் ராத்திரி ஒன்பதரை என்றான். முதல் இரண்டு அழைப்பில் கேட்டதற்கு மட்டும் பதில். மூன்றாவது தடவை ஒரு பத்தி வாசித்துக் கொண்டிருந்தவன் நிறுத்தி, "டீச்சர், இருங்க, தாத்தாக்கு தண்ணி வேணுமாம்" என்றான். தொலைபேசியைக் கீழே வைக்கும் சத்தம். டம்ளர் சத்தம். யாரோ இருமினார்கள். நான் காத்திருந்தேன்.

2021 இறுதியில் சுழற்சி முறையில் பள்ளி திறந்தபோது அவன் வந்தான். முகக்கவரி கட்டியிருந்தான், எல்லாரையும் போலக் கண் மட்டும்தான் தெரிந்தது. அன்றைக்கு மதியம் அந்த விரிதாளைத் திறந்து அவன் பெயரைத் தேடினேன். கோப்பு பூட்டப்பட்டிருந்தது, பார்க்கலாம், திருத்த முடியாது. நான்கு சிவப்புக் கட்டங்களும் அப்படியே இருந்தன.