வெயில் மேல் பழி போடலாமா?

ஜூன் மாதம் பிறந்தால் நம்ம வீடுகளில் ஒரு பேச்சு வரும்: "இந்த வருஷமும் புகைமூட்டம் வருமா?" தென்மேற்குக் காற்று வீசும், மழை குறையும். சுமத்ராவில் எரிவது மலாக்கா நீரிணையைத் தாண்டி நம் மூக்குக்குள் வந்துவிடும். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அதே கதை.

"எல்லாம் எல் நினோ, நாம என்ன செய்ய முடியும்?" என்பார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை.

அங்கே எரிவது வெறும் மரமல்ல, மண்ணே எரிகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் வேரும் தண்ணீருக்குள் மக்காமல் படிந்த சதுப்பு மண் அது. ஊறிக் கிடக்கும்வரை எளிதில் தீப்பிடிக்காது. செம்பனை நட வேண்டுமென்றால் முதலில் கால்வாய் வெட்டி நீரை வடிக்கணும். வடிந்த மண் காய்ந்து விறகு மாதிரி ஆகிவிடுகிறது. தீ மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனியும்.

பொறியியல் மாணவனான எனக்கு உறுத்துவது இந்தக் கால்வாய்தான். 1995இல் சுஹார்தோ அரசு மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை நெல் வயலாக்கத் திட்டம் போட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. 1997 வறட்சியில் அந்த நிலம் பற்றி எரிந்தது. யாரோ ஒரு பொறியாளர்தானே அதற்கு வரைபடம் போட்டிருப்பார்? நீர் வடியுமா என்ற கணக்கு அவருக்குச் சரியாகவே வந்திருக்கும். வடிந்த பிறகு என்ன ஆகும் என்று கேட்பதும் அவர் வேலையா? ஆமாம் என்றே நினைக்கிறேன். வறண்ட மாதங்கள் வரும் என்று தெரிந்தே வெட்டியவர், வந்த பிறகு வானத்தைக் கைகாட்டக் கூடாது.

சிறு விவசாயி கதை வேறு. இயந்திரம் வாடகைக்கு எடுக்கக் காசில்லை. தீ மலிவு, சாம்பல் மண்ணின் அமிலத்தையும் குறைக்கும். அவரையும் பெரிய நிறுவனத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. (அங்குள்ள தோட்டங்களில் மலேசிய முதலீடும் உண்டு. நம்ம சட்டியில் கொதிப்பதும் செம்பனை எண்ணெய்தான்.)

2016இல் இந்தோனேசியா சதுப்பு நிலங்களை மீட்கத் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. கால்வாய்களை மறித்துத் தடுப்புக் கட்டுகிறார்கள். நீர் உயர்ந்தால் தீ அடங்கும், ஆனால் வேரில் நீர் தேங்கினால் செம்பனை சரியாகக் காய்க்காது. அந்த நட்டத்தை விவசாயி மட்டும் சுமக்கணுமா? எண்ணெய்ப் போத்தல் விலை சில சென் கூடினால் நம்ம வீட்டில் என்ன சொல்வோம்?